சிவப்பு மையில் ஒரு டிக்

எங்கள் வரலாற்றுத் துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். ஆறேழு வருஷம் உழைத்து எழுதிய ஆய்வேடு. தேர்வாளர்களைத் தவிர அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அவர்களும் முழுக்கப் படித்தார்களா என்பது சந்தேகம்தான்.

இடஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த நாட்கள். கள்ளக்குறிச்சியில் பஸ் ஓடவில்லை, கல்லூரிக்கு விடுமுறை. நான் வீட்டில் நன்றாகத் தூங்கினேன். என் துறைக்குப் புதிதாக வந்திருந்தவர், பணி நிரந்தரம்கூட ஆகாதவர், கிடந்த மரங்களைத் தாண்டிக் கச்சிராயபாளையம் வரை நடந்து, அங்கிருந்து கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார். ஊர் ஊராகத் தங்கி, இங்கே பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவர் யார் என்று கேட்டிருக்கிறார். இறங்கி வந்து ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

அதன் பிறகு டீக்கடையில் அவர் பேச்சு, ஸ்டாஃப் ரூமில் அவர் பேச்சு. போராடியவர்களுக்கும் கோபம், போராட்டத்தை எதிர்த்தவர்களுக்கும் கோபம். கட்டுரையில் எங்கள் கல்லூரியும் வந்துவிட்டதால் தாளாளருக்கு எல்லாரையும்விட ஜாஸ்தி கோபம், மெமோவே கொடுத்துவிட்டார். காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். என் மேல் ஒரு மண்ணாங்கட்டிகூட விழுந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மெமோ வாங்கிய மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் அந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கட்டுரையை ஆராய ஒரு குழு போட்டார்கள். கல்லூரிக்குக் கேடான வரிகளைச் சிவப்பு மையில் கோடிட்டு அரைப் பக்க அறிக்கை தரும் வேலை எனக்கு. அவருடைய வேலை நிலைக்குமா போகுமா என்பது அந்த அரைப் பக்கத்தில் இருந்தது. ஆசையாகவே உட்கார்ந்தேன், கோடாகப் போட்டுத் தள்ளினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ‘மலையிலிருந்து ஒரு பிள்ளைகூட இந்தக் கல்லூரிக்கு இறங்கி வரவில்லை, அதற்காக யாரும் ஒரு கிளையைக்கூட வெட்டிப் போடவில்லை.’ இப்படி ஒரு வரி எனக்கு ஏன் வரவில்லை என்று நினைத்தபடியே பக்கத்தைப் புரட்டினேன்.

குழுக் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் அந்தப் பக்கத்தை என் முன்னால் நகர்த்தினார்.

“இன்னா சார், இதுக்கு மட்டும் டிக் போட்டிருக்கீங்க?”

பதினைந்து வருஷம் விடைத்தாள் திருத்திய கை. நல்ல பதிலைக் கண்டதும் தன்பாட்டில் போட்டிருக்கிறது. நல்ல வரி, அதனால்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும். படித்தவன் வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் வராது.

“கை தவறிடுச்சுங்க சார்” என்றேன். பேனாவை எடுத்து அந்த வரிக்குக் கீழேயும் ஒரு கோடு போட்டேன்.

மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். அறிக்கை யார் எழுதியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். டுடோரியலில் பாடம் எடுக்கிறாராம். மலையைப் பற்றிப் புத்தகமே எழுதுகிறாராம். ஆள் இளைத்திருந்தார், ஆனால் பேச்சில் சந்தோஷம் குறையவில்லை. வேலையையும் பிடுங்கிவிட்டு, அதற்கும் பொறாமைப்பட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கறையாகக் கேட்டார்: “நீங்க இப்ப இன்னா சார் எழுதிக்கினு இருக்கீங்க?”

பாடக் குறிப்புதான் என்றேன். நான் எழுதியதை நாலு பேர் உட்கார்ந்து கவனமாகப் படித்து, அதன்படி ஒரு காரியமும் செய்தார்கள் என்றால், அது அந்த அரைப் பக்கம் ஒன்றுதான்.