ஆம்பளை ஆபரேஷன்

எனக்கு இரண்டு மகள்கள். மூன்றாவது வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு, அதற்கான ஆபரேஷனைச் செய்துகொண்டது நான். என் மனைவி அல்ல. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசு என்கிறார்கள். நான் மெதுவாகப் பேசுவதாக இல்லை.

அப்போது நான் புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் ஆபரேட்டர். பிறந்து வளர்ந்தது புனேயிலேயே, கிர்க்கியில். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே போய்விட்டார். அம்மா கிர்க்கியை விட்டு வர மறுத்துவிட்டாள். ஷிஃப்ட் வேலைக்கு அங்கிருந்து தினமும் போய்வர முடியாது என்பதால், நானும் மனைவியும் அகமத்நகர் போகும் ரோட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். பின்னால் கரும்பு, முன்னால் நாள் முழுக்க லாரி.

பெரியவள் பிறந்தது வயிற்றைக் கிழித்துத்தான். சின்னவளும் அப்படியே. இரண்டாவது முறை ரத்தம் நிற்கவில்லை. டாக்டர்கள் அவளைக் காப்பாற்றிக் கொடுத்ததே பெரிது. கருத்தடை பற்றியெல்லாம் அன்றைக்கு யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தையல் பிரிந்து சீழ் வைத்தது. தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தினமும் அலைய முடியாது. பக்கத்து கிராமத்தில் இருந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றுவார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். மொபெட்டின் பின்னால் அவளை ஒருபக்கமாக உட்காரவைத்து, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு போவேன்.

மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கட்டடம், வாசலில் ஒரு வேப்பமரம். கட்டு மாற்றும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதற்கு எதிர்ச் சுவரில், இங்கே கிடைக்கும் சேவைகள் என்று மராத்தியில் ஒரு பலகை. பிரசவம், குழந்தைகளுக்குத் தடுப்பூசி, நாய்க்கடி ஊசி, பாம்புக்கடி மருந்து, காசநோய் மாத்திரை, பெண்கள் கருத்தடை ஆபரேஷன், ஆண்கள் கருத்தடை ஆபரேஷன். உள்ளே புண்ணுக்குள் துணியை விட்டுச் சுத்தம் செய்யும்போது என் மனைவி கத்த மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நான் அந்தப் பலகையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

புண் ஆறி வந்த சமயத்தில் ஒருநாள் சிஸ்டரிடம் கேட்டேன். ஐம்பதை நெருங்கிய மராத்திப் பெண்மணி. கை மென்மையானது, வாய் அப்படியில்லை. எந்த ஆணும் அவருக்கு 'பாவு', அதாவது சகோதரன்.

"சிஸ்டர், ஆண்கள் ஆபரேஷன்னு பலகையில எழுதியிருக்கே, அது எப்ப செய்வீங்க?"

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். "அது சும்மா எழுதி வச்சிருக்கு, பாவு. நான் இங்க வந்ததிலேர்ந்து ஒரு ஆம்பளையும் கேட்டதில்ல. இவளுக்கு உடம்பு தேறட்டும், குளிர்காலத்துல கருத்தடை கேம்ப் போடுவாங்க, அதுல இவளுக்கே பண்ணிடலாம்."

"இவ வயித்தை இன்னொரு தடவை கத்தி தொடக்கூடாது."

"சின்ன கீறல்தான்."

"சின்னதுதான்னா எனக்கே போடுங்க. முடியாதுன்னா அந்த வரியைப் பலகையிலேர்ந்து அழிச்சிடுங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கத்தரிக்கோலை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட கேக்கறேன்" என்றார்.

டாக்டர், அப்போதுதான் படிப்பை முடித்து வந்த இளைஞர். தனக்கு அந்த ஆபரேஷனில் பயிற்சி இல்லை, புனேயில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். என் மகள்களுக்கு ஊசி போட்டது இங்கே, என் மனைவிக்குப் புண் ஆறியது இங்கே, எனக்கும் இங்கேதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் போய் நின்றேன். அதற்கடுத்த வாரமும் போனேன். கடைசியில், கேம்ப்புக்காகத் தாலுகாவிலிருந்து வரும் சர்ஜன் ஆண்களுக்கும் செய்வார் என்று தெரிந்தது. அவரை யாரும் இதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மனைவியிடம் சொன்னபோது அவளும் சந்தோஷப்படவில்லை.

"உங்களுக்கு எதுக்குங்க? எனக்கே பண்ணிடட்டும். எல்லாப் பொம்பளைங்களும் பண்ணிக்கலியா?"

"உன் வயித்தை தினம் பாத்தவன் நானு."

"நீங்க பாரம் தூக்கற வேலை செய்றீங்க."

"தண்ணிக் குடத்தை யாரு தூக்கறா இந்த வீட்ல?"

சின்னவளை மடியில் போட்டுப் பால் கொடுத்து முடித்தாள். பிறகு, உள்ளே இருந்த பயத்தைச் சொன்னாள். "உங்கம்மா என்னைத்தான் பேசுவாங்க. புருசனை மயக்கி அறுக்க வச்சிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். பதில் சொல்ல நான் இருக்கேன்ல."

எப்படியோ சேதி எட்டி, அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் பேத்திகளுக்குத் தின்னப் பாகர்வடி. பொட்டலத்தைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"இன்னாடா நான் கேள்விப்பட்டது? ஆம்பளைக்குப் பொறந்தவன் பண்ற வேலையாடா இது?"

"ஆம்பளைக்குப் பொறந்ததாலதான்மா பண்ணிக்கறேன்."

"உங்கப்பன் பேரச் சொல்ல ஒரு புள்ள வாணாவா?"

"ரெண்டு பேரு இருக்காங்களே."

"பொட்டப் புள்ளைங்கடா!"

"அவங்க வாயிலயும் தாத்தா பேரு வரும்மா."

அப்போதுதான் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள். அடுப்படியில் நின்றிருந்த என் மனைவிக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள். "நாளைக்கு இவ முழுகாம நின்னா, யாருதுன்னுடா கேப்ப?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. என் அம்மாவிடம் நான் அதுவரை குரல் உயர்த்தியது கிடையாது. அன்றும் உயர்த்தவில்லை. "இந்த வார்த்தைய இன்னொரு வாட்டி இந்த வீட்ல சொல்லாத. சொன்னா நானே உன்னை பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் வுட்டுட்டு வருவேன்" என்றேன். கொண்டுபோய் விட வேண்டியிருக்கவில்லை. அவளே நடந்தாள். பின்னாலேயே போனேன், பஸ் வரும்வரை இரண்டு பேரும் ரோட்டின் ஒரே பக்கத்தில் நின்றிருந்தோம்.

கேம்ப் குளிர்காலத்தில் நடந்தது. சுகாதார நிலைய வராந்தா முழுக்கப் பெண்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு, வெறும் வயிற்றோடு, சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கணவன்மார்கள் வெளியே வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவில் பெண்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வார்டு ஆள் ஓடி வந்தான்.

"புருஷன்காரங்க எல்லாம் வெளிய! உன் பேஷன்ட் எங்க?"

"மீச் பேஷன்ட்" என்றேன். நான்தான் பேஷன்ட்.

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் தோளில் தலையைப் போட்டுக்கொண்டு குலுங்கினாள். காது சூடாகிவிட்டது எனக்கு, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், நாலு பிள்ளை பெற்றவள்போல் இருந்த ஒரு பெண், "போதும், சிரிச்சது. நம்ம வீட்டுலேர்ந்து எவன் வந்து உக்காந்தான்?" என்று கேட்டாள். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. எனக்கு அந்தச் சிரிப்பே தேவலை என்று தோன்றியது.

ஆண்களுக்கென்று தனி கவுன் கிடையாது. பெண்களுக்கான பச்சை கவுனைக் கொடுத்தார்கள். முழங்கால்வரை கூட வரவில்லை. சர்ஜன் கைகழுவிக்கொண்டே, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"நல்லது. அசையாம இருப்பீங்க."

ஊசி குத்தியபோது வலித்தது. பிறகு மரத்துப்போய், எங்கேயோ யாரோ நூலைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. ஸ்பிரிட் வாசனைக்கு நடுவே சர்ஜன், உங்க கம்பெனியில் என்ன தயாரிக்கிறார்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. சிஸ்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். நடந்தே வெளியே வந்தேன். எனக்கு எதிரில், ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணை நினைவில்லாமல் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். அதைப் பார்த்த பிறகு என் முடிவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்கவில்லை.

சொல்லத்தான் செய்தார்கள். ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தொழிற்சாலையில் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் என் மிஷின் மேல் ஒரு ஜோடி பச்சைக் கண்ணாடி வளையல் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. எதிர் வரிசையில் நின்றவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வளையலை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். "என் கைக்குப் பத்தாதே, பெரிய சைஸ் இல்லியா?" என்று இந்தியில் கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நான் திரும்பிவந்து, எல்லோருக்கும் தெரியும்படி அதை மிஷின் கைப்பிடியில் மாட்டினேன். சூப்பர்வைசர் கழற்றச் சொல்லும்வரை அங்கேயே எண்ணெய் பட்டுக் கறுத்துக் கிடந்தது.

ஆபரேஷன் ஆனவுடனே எல்லாம் முடிந்துவிடாது. மூன்று மாதம் ஆணுறை உபயோகிக்க வேண்டும், பிறகு விந்துவைப் பரிசோதிக்க வேண்டும் என்று சிஸ்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். ஆணுறையும் அங்கேயே கொடுத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு சின்ன பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மொபெட்டில் போனேன். சூடு ஆறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். லேப் ஆள் மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல. காலி" என்றான். வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடம் சொன்னேன். "காலியா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில், தூங்கிக்கொண்டிருந்த சின்னவள் எழுந்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

அம்மா வெகுகாலம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் கிர்க்கியில் இருந்த சொந்தக்காரர்களுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே. என் பையனுக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் பண்ணியிருக்கு என்று சொல்லி வைத்திருந்தாள். இது எனக்குத் தெரியாது. ஒரு கல்யாணத்தில்தான் தெரிந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் எங்களுக்கு எதிரே அம்மாவும், தூரத்து மாமா ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா ரசத்தை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்து, "குடலிறக்கம் இப்ப தேவலையாப்பா? உடம்பு சரியாயிட்டா அடுத்தது ஒரு பையனப் பெத்துடு. உங்கம்மா ஆசப்படறா இல்ல" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பேசினாள். பெரியவர்கள் நடுவில் அவள் அதுவரை பேசியதே இல்லை.

"குடலிறக்கம் இல்லீங்க மாமா. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். எனக்கு ஒடம்பு தாங்காதுன்னு இவரே பண்ணிக்கினாரு."

பந்தியில் இருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமா இலையைப் பார்த்தார். அம்மா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். என் மனைவி எழுந்திருக்கவில்லை. மோர் வரும்வரை உட்கார்ந்து, ஊற்றிக்கொண்டு, முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

அம்மா பிறகு வந்து போக ஆரம்பித்தாள். பேத்திகளோடு ஒட்டுதல் அதிகமானது. ஆனால் அந்த விஷயத்தில் என்னை மன்னித்தாள் என்று சொல்ல மாட்டேன். நானும் கேட்கவில்லை. நான் தப்பு எதுவும் செய்யவில்லையே, மன்னிப்பதற்கு.

அடுத்த குளிர்காலக் கேம்ப்புக்கு முன்னால் சிஸ்டர் ஆள் அனுப்பினார். "மரத்தடியில உக்காந்திருக்கற ஆம்பளைங்ககிட்ட நீ பேசு, பாவு. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

போனேன். என் அரைகுறை மராத்தியில், என்ன செய்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது, எப்போது வேலைக்குப் போனேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் எழுந்து தள்ளிப் போனார்கள். ஒருவன், ராத்திரியில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தான். இருக்கிறது, வேண்டுமானால் உன் வீட்டுக்காரியை அனுப்பி என் வீட்டுக்காரியிடம் கேட்கச் சொல் என்றேன். அவன் முண்டாசை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தான்.

சின்ன வயதுக்காரன் ஒருவன் மட்டும் கிட்டே வந்து, "வலிக்குமா?" என்று கேட்டான்.

"வலிக்கும். உன் பெண்டாட்டிக்கு வலிக்கற அளவு வலிக்காது."

அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் வராந்தாவுக்குப் போய், வரிசையில் உட்கார்ந்திருந்த தன் மனைவியின் பக்கத்தில் நின்றான். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள்தான் உள்ளே போனாள்.

அதற்கடுத்த கேம்ப்புக்கும் நான் மரத்தடியில் பேசப் போனேன். ஷிஃப்ட் இல்லாத நாளாக இருந்தால் போய்விடுவேன்.