மேலே மட்டும் தள்ளக்கூடாது

விடிந்தால் வயல், பொழுது சாய்ந்தால் அடுப்பு, நடுவில் நோயாளிப் புருஷன் என்று சுரக்குடி தையல்நாயகிக்கு எட்டு மாதம் ஓடிவிட்டது. சுவாமிநாதனுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்ததிலிருந்து அவள் நிம்மதியாக ஒரு வாய் காபி குடித்ததில்லை. அவர் விரல்கள் உள்ளே மடங்கும், வெளியே நீளாது. "சுட்டுவிரல் நீள ஆரம்பிச்சா மத்ததும் வரும். விடாம பழக்குங்க" என்றார் பிசியோதெரபி டாக்டரம்மா.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் சிவப்ரியா, அப்பா அந்த விரலால் தள்ளிப் பழகட்டும் என்று போனில் ஒரு கட்ட விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். தள்ளினால் எண்கள் நகரும். ஒரே எண் இரண்டு மோதினால் சேர்ந்து இரட்டிப்பாகும். கட்டமெல்லாம் அடைத்துக்கொண்டால் ஆட்டம் முடிந்தது.

"பெரிய எண்ண ஒரு மூலையில வச்சு அத நகத்தவே கூடாதும்மா. அடி வரிசைய நெரப்பியே வை. இடது, வலது, கீழ, அவ்வளவுதான். மேல தள்ளுனா மூல போயிரும்."

மூலை என்றால் தையல்நாயகிக்குக் கன்னிமூலைதான். நெல் மூட்டையும் பீரோவும் இருக்கிற தென்மேற்கு. கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் அது போனில் கீழ் வலது. அவள் சொல்ல, அவர் தள்ள, ஐநூற்றுப் பன்னிரண்டு வரை ஜோராக வந்தது. அப்போது பார்த்து மழையில் ஓடு ஒழுகி, கட்டிலை வடக்கே திருப்ப வேண்டியதாயிற்று. கன்னிமூலை இடப்பக்கம் போய்விட்டதே! மெனக்கெட்டுப் பெரிய எண்ணை அங்கே இழுக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டமெல்லாம் அடைத்துக்கொண்டது.

"போனுக்கு ஏதும்மா வாஸ்து?" என்று மகள் சிரித்தாள். இவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

அதன்பின் ஒரே மூலையைப் பிடித்துக்கொண்டாள். மேலே தள்ள அவர் விரல் நீளாது என்பது ஆட்டத்துக்கு நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டு, தன்னையே நொந்துகொண்டாள்.

வியாழக்கிழமை களையெடுத்துவிட்டு இடுப்பு வலியோடு வந்து உட்கார்ந்தாள். மூலையில் முதல் தடவையாக ஆயிரத்து இருபத்துநாலு. "வலது பக்கம் தள்ளுங்க" என்று கண்ணை மூடிச் சாய்ந்தாள். திறந்தபோது பெரிய எண் உச்சி வரிசைக்கு ஏறியிருந்தது. அதன் இடத்தில் ஒரு இரண்டு.

எட்டு மாதச் சலிப்பும் வாயில் வந்தது. "கெடுத்துட்டீங்களே! மேல தள்ளாதீங்கன்னு எத்தன தடவங்க சொல்றது?"

அவர் போனைப் பார்க்கவில்லை. தன் சுட்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் தள்ளுனேன், நாயகி."

அவளும் அந்த விரலைப் பார்த்தாள்; மடங்காமல் நீண்டிருந்தது. திட்டிய வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு போனை அவர் கைக்கருகே நகர்த்தினாள்.

"ஆயிரம் போனா போவுதுங்க. இன்னொரு தடவ மேல தள்ளுங்க."