பின்னேரத்தில் ஒரு பீடி

நான் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையில் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்த காலத்தில், சாராயம் குடிக்கும் தகப்பன்மாருக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இருக்கவில்லை. கஞ்சாவுக்கு இருந்தது. சாராயத்தில் அரசாங்கத்துக்கு வரி வந்தது. கஞ்சா குடிப்பவன் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவன் என்று பயிற்சியில் படிப்பித்தார்கள். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான். என் வயிற்று நோவுக்குப் பரியாரி தந்த லேகியத்தில் அதே இலை கிடந்தது. அது மருந்து.

தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில் நாரந்தனையிலிருந்து ஒரு பெட்டிசம் வந்தது. மனைவியை இழந்த புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் கஞ்சா குடிக்கிறார், ஆறு வயது மகளை அவரிடமிருந்து எடுக்க வேண்டும் என்று. எழுதியவர் இறந்த மனைவியின் தமையன். விசாரிக்கப் போனபோது காலை பத்து மணிக்கே அவரிடம் சாராயம் மணத்தது. அதற்குத்தான் கட்டம் இல்லையே.

தகப்பனின் வீட்டில் முற்றம் கூட்டியிருந்தது. குசினியில் சோறு வெந்துகொண்டிருந்தது. பிள்ளையின் இரட்டைப் பின்னலில் ஒன்று காதுக்கு மேலேயும் மற்றது கழுத்தடியிலும் தொடங்கியது. அவர் பின்னியது.

"கஞ்சா பாவிக்கிறனீரோ?"

"ஓம் ஐயா. பின்னேரத்திலை ஒரு பீடி. மனிசி போனாப்பிறகுதான். இல்லாட்டி நித்திரை வராது."

"பிள்ளைக்கு அடிக்கிறனீரோ?"

கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளை சிரித்தது. "அப்பாவாலை என்னைப் பிடிக்கவே ஏலாது. நான் ஓடீடுவன்."

அதை எழுத இடமிருக்கவில்லை. கட்டத்தில் சரி போட்டேன். நீதவான் கட்டத்தைப் பார்த்தார். பிள்ளை யாழ்ப்பாணத்தில் ஒரு சிறுமியர் இல்லத்துக்குப் போனது. தகப்பன் பழக்கத்தை விட வேண்டும், ஆறு மாதத்தின் பின் நான் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும், நீதவானின் கோடு தன் கட்டளையை நீக்க வேண்டும். அதன் பிறகு பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கலாம்.

அவர் அன்றோடு விட்டுவிட்டார். ஆறு மாதம் முடிகிற நேரத்தில் ஆமி வந்து இறங்க, தீவுப்பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அவருக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சேலை கட்டி மறைத்த மூலை கிடைத்தது. அங்கிருந்து நேரே, யாழ்ப்பாணத்துக்கு மாறியிருந்த என் கந்தோருக்கு வந்து, மேசைக்கு முன்னால் குனிந்து வாயைத் திறந்தார்.

"மணந்து பாருங்கோ ஐயா. ஏழு மாசமாச்சு."

"வீட்டைப் பாக்காமல் எழுத ஏலாது."

"வீடு நாரந்தனையிலை. வாருங்கோவன், ரெண்டு பேருமாப் போய்ப் பாப்பம்."

போனால் உயிரோடு திரும்பமாட்டோம் என்பது இருவருக்கும் தெரியும்.

"அப்ப வகுப்பறையை வந்து பாருங்கோ."

"அது வீடில்லை. கோடும் பூட்டிக்கிடக்கு. திறக்கட்டும், முதல் வேலை உம்மடைதான்."

ஞாயிறுதோறும் அவர் இல்லத்துக்கு ரிபனோடு போனார். பேன் தொல்லையென்று அங்கே பிள்ளைகளின் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அது தெரிந்த பிறகும் ரிபனோடுதான் போனார்.

அடுத்த மாரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடைகளில் குளிசைக்குக்கூடத் தட்டுப்பாடான காலம். நாலாம் நாள் பிள்ளை போய்விட்டது.

உடலை ஒப்படைக்கும் படிவம் ஒரே பக்கம். வீட்டைப் பார்க்கவேண்டுமென்று அதில் ஒரு வரி இல்லை. கோடும் தேவைப்படவில்லை. இல்லத்து வாசலில் நின்ற நிலையிலேயே கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கி, மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு நான் கஞ்சா பாவிக்கிறேல்லையெண்டு சொல்லியிருந்தா, பிள்ளை என்னோடை இருந்திருப்பாவோ ஐயா?"

"ஓம்" என்றேன்.

"அப்ப ஏன் ஐயா என்னட்டைக் கேட்டனீங்கள்?"

படிவத்தில் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் பிள்ளையைத் தூக்க உள்ளே போய்விட்டார்.