பிரேக்கில் வைத்த கால்

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குள் பஸ்ஸை ஊர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, வளவனுக்குத் தன் வலது கால் இருக்கிறதா என்றே தெரியாமல் போனது. பிரேக்கின் மேல்தான் வைத்திருந்தான். ஆனால் அழுத்துகிறோமா இல்லையா என்று பாதம் சொல்லவில்லை. எலுமிச்சைக் கூடையோடு ஒரு பெண் குறுக்கே வந்தாள். பதறிப்போய் ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

"இன்னாண்ணே ஆச்சு?" என்று கண்டக்டர் பச்சைமுத்து கத்தினான்.

"ஒண்ணுமில்லடா."

செஞ்சியில் பதினேழு வருடமாகத் தனியார் பஸ் ஓட்டுகிறவன். மூன்று மாதமாகவே பின்பக்கத்தில் ஆழமாக ஒரு வலி. உட்கார்ந்த அரை மணியில் தொடை வழியே கெண்டைக்கால் வரை சுரீரென்று இறங்கும். யாரிடமும் சொல்லவில்லை. அவனுடைய நைனாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதுகுத்தண்டில் கட்டி என்றார்கள். எட்டே மாதத்தில் இரண்டு காலும் விழுந்து, படுத்த படுக்கையாகவே போய்ச்சேர்ந்தார்.

மறுநாள் காலில் செருப்பு கழன்றதே தெரியாமல் வீட்டுக்குள் வந்தான். மனைவி மணிமொழி பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க, ஒத்தக் கால்ல செருப்பக் காணோம்?"

குனிந்து பார்த்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னான். அவள்தான் டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஸ்கேனில் முதுகெலும்பு சுத்தமாக இருந்தது. அதைக் கேட்டு அவனுக்குப் பயம் கூடத்தான் செய்தது. ஒன்றுமில்லையென்றால் கால் ஏன் சாகிறது?

டாக்டர் எழுதிக்கொடுத்து அனுப்பிய பிசியோதெரபிஸ்ட் ஷோபனா, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை மடக்கி உள்பக்கம் தள்ளினார். பிறகு பிட்டத்தின் நடுவில் கட்டைவிரலால் ஓர் இடத்தை அழுத்தினார். வளவன் அலறிவிட்டான்.

"இங்கதான் இருக்குது. பின்பக்கத்துக்கு உள்ளாற, முதுகு முடியுற எலும்புலேர்ந்து தொடை எலும்பு வரைக்கும் ஒரு தசை குறுக்கப் போவுது. காலுக்கு வர்ற பெரிய நரம்பு அதுக்கு அடியில. நாள் பூரா உக்காந்து தசை இறுகிப்போய், நரம்ப நசுக்குது."

"கட்டி இல்லியே மேடம்? எங்க நைனாவுக்கு…"

"அது வேற, இது வேற. ஆனா கால்ல உணர்ச்சி முழுசா வர்ற வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடக்கூடாது."

முதலாளியிடம் போய் அமாவாசையன்று நடந்ததை அவனே சொன்னான். ஒன்பது வாரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி டைம்கீப்பர் வேலை பார்த்தான். காலையும் மாலையும் மல்லாந்து படுத்து, கணுக்காலை மறு முழங்காலில் ஏற்றித் தொடையை நெஞ்சுக்கு இழுப்பான். கண் விழித்ததும் மணிமொழியைப் பாதத்தில் கிள்ளச் சொல்வான். வலித்த பிறகுதான் அவனுக்கு மூச்சே வரும்.

இப்போது திண்டிவனம் ரூட்டில் ஓட்டுகிறான். வலி இல்லை. ஆனாலும் பெரிய நிறுத்தங்களில் இறங்கி, காலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்ப்பான்.

"டிரைவரே, டைம் ஆவுது" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான்.