கோழி கூவாத வீட்டில் கோமதி

செய்தியை வாசுதேவநல்லூரில் கேட்டேன். என் அக்காள் பேத்திக்குக் காதுகுத்து என்று முந்தின நாளே அங்கே போயிருந்தேன். பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த நேரம், சங்கரன்கோவில் பஸ்ஸின் கண்டக்டர் காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கோமதி டீச்சர் இன்னும் எந்திரிக்கலையாம்."

"அவ எந்திரிக்க எட்டு மணிக்கு மேல ஆகும்யா. கதவைத் தட்டாதீங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டுத்தானே வந்தேன்," என்றேன்.

அவர் தெருவைக் கைகாட்டினார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சிக்கு எங்களோடு படித்த நீங்கள் எல்லோரும் இப்போது ஓய்வு பெற்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். தனித்தனியாக எழுதக் கை ஓடவில்லை. நம் பழைய மாணவியர் மலரில் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

கோமதியை உங்களுக்கு நினைவிருக்கும். விடுதியில் விடியுமுன் மணி அடித்ததும் எல்லோருக்கும் பின்னால், கண்ணைத் திறக்காமலே கிணற்றடிக்கு வருவாள். விவரம் தெரியாத வயதில் கல்யாணமாகி, விவரம் தெரியுமுன் தாலியை இழந்தவள். நன்செய் விவசாயியான அவள் அப்பா, சொந்தக்காரர்கள் ஏசியதைக் காதில் வாங்காமல் அவளைப் படிக்க அனுப்பினார். ஒருநாள் கிணற்றடியில் சாம்பலால் பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி ஆவுடை, வேலையெல்லாம் முடிஞ்ச பொறவு நாம ரெண்டு பேரும் ஒரு வீடு பிடிப்போம். அக்கம்பக்கத்துல ஒரு கோழிகூட இருக்கக் கூடாது." நாம் எல்லோரும் சிரித்தோம். நமக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

அப்பா போன பிறகு அவள் தம்பி சண்முகத்தின் வீட்டில் இருந்தாள். இருட்டோடு எழுந்து வாசல் தெளித்து, மாவாட்டி, சோறு பொங்கி, தம்பி பிள்ளைகளுக்குத் தலைவாரி விட்டு, அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம். கரிவலம்வந்தநல்லூரில் வேலை பார்த்தபோது யுத்த காலம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் நடை. சாயங்காலம் திரும்பி வந்தால் மறுபடி அடுப்படி. தம்பி கெட்டவர் இல்லை. அக்காள் களைத்துப் போவாள் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பின் முதல் தேர்தலுக்கு வாக்காளர் பெயர் எழுத எங்கள் இருவரையும் மேலநீலிதநல்லூருக்கு அப்பால் ஒரு மானாவாரிக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பெண்கள் யாரும் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னார் பொண்டாட்டி', 'இன்னார் தாய்' என்றே சொன்னார்கள். நான் ஓட்டின் அருமையை விளக்கிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கோமதி ஆட்டுக்கிடை பக்கத்தில் ஒரு வேப்பமர நிழலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"தாயி, நடந்து நடந்து எனக்குக் காலு விட்டுப் போச்சு. எம்பேரு கோமதி. எங்க அப்பா கூப்பிட்ட பேரு. இப்பம் தம்பி அக்காங்கான், பிள்ளைக டீச்சர்ங்குது. எம்பேரு எனக்கே எப்பமாவதுதான் ஞாபகம் வருது. உங்க பேராவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "பேச்சி," என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி. பொழுது சாய்வதற்குள் தெருவே பெயரைச் சொல்லி முடித்துவிட்டது. திரும்பும் வழியில் நான் பாராட்டினேன். "ஏட்டி போ, நான் ஒண்ணும் யோசிச்சுப் பேசல. அலுப்புல வந்தது," என்றாள்.

நாங்கள் ஒரே கோடையில் ஓய்வு பெற்றோம். என் கணவர் முன்பே காலமாகிவிட்டார், பிள்ளையும் இல்லை. அதனால் எனக்கு யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவள் தம்பியிடம் சொல்லும்போது நான் கூட இருந்தேன்.

"தனியா இருக்கப் போறியா? இங்கன உனக்கு என்னக்கா குறை?" என்று கேட்டார் சண்முகம்.

"குறை ஒண்ணுமில்லப்பா. அலுத்துப் போச்சு."

"எம் மக வள்ளிக்கு மாப்பிள்ளை பாக்கேன். வீட்டுல எம்பொண்டாட்டி ஒருத்தியால என்ன செய்ய முடியும்? கல்யாணம் முடியட்டும், பொறவு போ."

"மாட்டேன்பா."

"ஊரு என்ன சொல்லும்?"

"என்னமும் சொல்லட்டும். நான் ஒறங்கணும்."

குரலை உயர்த்தவே இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சங்கரன்கோவில் தேரடிக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு பிடித்தோம். வாடகை கேட்குமுன் பக்கத்தில் யாராவது கோழி வளர்க்கிறார்களா என்று அவள் கேட்டதில், வீட்டுக்காரர் எங்களை ரொம்ப ஆசாரமானவர்கள் என்று நினைத்துக்கொண்டார். முதல் மாதம் முழுவதும் கோமதி தூங்கினாள். சாப்பிட எழுந்தாள், மறுபடி தூங்கினாள். நோயோ என்று பயந்து டாக்டரை அழைத்து வந்தேன். அவர் நாடியைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணுமில்ல, தூங்க விடுங்க," என்று போய்விட்டார்.

ஓய்வு என்றால் புண்ணிய ஸ்தலம், புத்தகம் என்று நாம் எவ்வளவோ பேசியிருந்தோம். எங்களால் ஒன்றும் முடியவில்லை என்பதே உண்மை. சாயங்காலம் கோயில் வரை போய் வந்தாலே முழங்கால் கேட்காது. இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

அக்காள் வீட்டை விட்டு வந்த பிறகு சண்முகம் அவளோடு பேசவில்லை. வள்ளிக்குக் கல்யாணம் வந்தது. பிறந்த நாள் முதல் கோமதி எடுத்து வளர்த்த பிள்ளை. எங்கள் வீட்டுக்கு அழைப்பு வரவில்லை. முகூர்த்தத்தன்று மட்டும் கோமதி விடியுமுன் எழுந்து குளித்து, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். நாதஸ்வரம் எங்கள் வீடு வரை கேட்டது. "கெட்டிமேளம் கேட்டாச்சு," என்றாள்.

மத்தியானம் மாலையும் கழுத்துமாக வள்ளி மாப்பிள்ளையோடு வாசலில் நின்றாள்.

"வீட்டுல தெரியுமாம்மா?" என்றாள் கோமதி.

"கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தோம் அத்தை. திருநீறு பூசுங்க."

கோமதி பின்னால் நகர்ந்தாள். "நான் பூசக் கூடாது. ஆவுடை, நீயும் பூசாத."

வள்ளி அசையவில்லை. "எனக்குத் தலைவாரி விட்ட கைதானே அத்தை. அன்னைக்கு மட்டும் ஆகுமோ?"

அந்தப் புது மாப்பிள்ளை குனிந்து நெற்றியைக் காட்டினான். கோமதி திருநீறு எடுத்து வந்து பூசிவிட்டாள். அவர்கள் போன பிறகு, புடவையைக்கூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். நான் தடுக்கவில்லை.

அதற்குப் பின் இரண்டு வருஷம் இருந்தாள்.

காதுகுத்து வீட்டிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது, சண்முகம் வாசலில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்லா டீச்சர்," என்றார். அவள் பேசியிருக்கலாம் என்றாரா, தாம் பேசியிருக்கலாம் என்றாரா தெரியவில்லை. மருமகளாய்ப் போன ஊரிலிருந்து வள்ளி வந்து சேரும் வரை எடுக்கக் கூடாது என்று அவரே எல்லோரையும் நிறுத்தி வைத்தார். வள்ளி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அதற்கும் கோமதி என்றே பெயர்.

காரியம் முடிந்ததும் என் அக்காள் மகன் வந்தான். "வயசான காலத்துல ஒத்தையில எதுக்குச் சித்தி? நம்ம வீட்டுக்கு வாங்க. பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கும்," என்றான். நல்ல பிள்ளை, மனசாரத்தான் கூப்பிட்டான். எனக்கு இத்தனை காலம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. வா என்ற இடத்துக்கெல்லாம் போனவள் நான்.

"மாட்டேன்பா," என்றேன். கோபப்படாமலும் காரணம் சொல்லாமலும் அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியும் என்பதுதான் கோமதி எனக்கு விட்டுப் போனது. அவன் காப்பியைக் குடித்துவிட்டு, மழைக்கு முன் வந்து ஓடு மாற்றித் தருவதாகச் சொல்லிப் போனான்.