பூட்டியிருந்த வீடுகள்

டெல்லியில் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் வசிக்கும் சாந்தகுமாரிக்கு ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. படிவத்தோடு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுத வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு பதிலைக்கூட அவள் இட்டுக்கட்டியதில்லை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சென்ற பிப்ரவரியில் தமிழர்கள் வாழும் ஒரு குடிசைப் பகுதிக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்ல அங்கிருந்த குழந்தைகள் காப்பகம் தேவைதானா என்று ஆய்வு. பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை போகவேண்டும். வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீடு. நாற்பது வீடு முடித்தாள். முப்பத்தேழு பெண்கள் வேலைக்குப் போவதில்லை என்றார்கள்.

படிவங்களை அடுக்கும்போதுதான் உறைத்தது. வேலைக்குப் போகிறவள் அந்த நேரத்தில் வீட்டில் எப்படி இருப்பாள்? சாந்தகுமாரியின் வீட்டில் வேலை செய்யும் பாப்பம்மாளே அந்தப் பகுதிதான். இவள் அங்கே கதவைத் தட்டிய நேரத்தில் அவள் இங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

ஆய்வுத் தலைவர் ஜெயசீலனிடம் போனாள்.

"சார், பூட்டின வீடு அறுபதுக்கு மேல. அது எதுவும் இதுல வரல. சாயந்திரம் ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன்."

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாற்பதுல முப்பத்தேழு ஒண்ணையே சொல்லுது. யோசிக்கறது எங்க வேலை மேடம். நீங்க ஃபார்ம் நிரப்புங்க, போதும்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். சாந்தகுமாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்பகுதிப் பெண்கள் வேலைக்குச் செல்வதில்லை என்று அறிக்கை போயிற்று. ஏப்ரலில் காப்பகத்தை மூடிவிட்டார்கள்.

பாப்பம்மாள் மூன்று வயது மகளைக் கூடவே அழைத்துவர ஆரம்பித்தாள். குழந்தை சுவரெல்லாம் கிறுக்கியது. சாந்தகுமாரியின் கணவர் விஸ்வநாதன் முகம் சுளித்தார். இனிமேல் கூட்டிவராதே என்று சாந்தகுமாரிதான் சொன்னாள். அதன்பின் பாப்பம்மாள் குழந்தையைப் பழம்புடவையால் கட்டில் காலில் கட்டிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். மேலே தகரக் கூரை. ஜூன் மாதம் ஒரு மத்தியானம் திரும்பிப் போனபோது குழந்தை அசைவற்றுக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து பிணமாகத்தான் கொடுத்தார்கள்.

பத்து நாள் கழித்துச் சம்பளம் வாங்க வந்தவள் சமையலறை வாசலில் உட்கார்ந்தாள்.

"நாங்க யாரும் வேலைக்கே போறதில்லைன்னு எவளோ எழுதிக்கிட்டுப் போனாளாம்க்கா. யாருன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை கேக்கணும்."

சாந்தகுமாரி டீயை அவளிடம் நீட்டினாள். ஆறிப்போவதற்குள் குடிக்கச் சொன்னாள்.

பாப்பம்மாள் பிறகு வரவில்லை. அடுத்த வாரம் வேலை கேட்டு இன்னொருத்தி வந்தாள். பெயரைக் கேட்பதற்கு முன்பே சாந்தகுமாரி கேட்டாள்: "சின்னக் குழந்தை இருக்கா?"

"ஒண்ணு இருக்குதுக்கா."

"அப்ப வேணாம்மா" என்று கதவைச் சாத்தினாள்.