கண்டக்டரம்மாவும் கிழக்கு ஜன்னலும்

என் மனைவிக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சோபாவில் நான்காவதாக ஒருவரை நுழைக்காவிட்டால் அவளுக்குக் கை பரபரக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவாள். வேலை பார்த்த காலம் முழுவதும் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்துவிட்டது, வாய்க்கும் கைக்கும் கிடைக்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மா. நான் கண்டக்டரம்மா வீட்டுக்காரர். எனக்கென்று ஒரு தொழில் இருப்பதைப் பற்றி யாருக்கும் பெரிய அக்கறை இல்லை.

இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் பல் செய்கிறவன். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து வீட்டிலேயே செயற்கைப் பல் செய்து கொடுக்கிறேன். பல் என்றால் வெள்ளை என்று நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. ஒரு பல்லில் மஞ்சள் இருக்கும், சாம்பல் இருக்கும், காபி குடிக்கிறவருக்கு ஒரு நிறம், வெற்றிலை போடுகிறவருக்கு ஒரு நிறம். பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் போகிற நிறத்தை நல்ல பகல் வெளிச்சத்தில்தான் பிடிக்க முடியும். அதனால் என் மேசை கிழக்கு ஜன்னலை ஒட்டியே இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காலி மனை. எனக்கு வாய்த்த பக்கத்து வீட்டுக்காரர்களில் அந்த மனையைப் போல நல்லவர் யாரும் இல்லை. சத்தம் போடாது, சர்க்கரை கேட்டு வராது.

நாங்கள் இந்தப் பக்கம் வீடு கட்டி வந்தபோது ஊர் முடிந்து முள்ளுச்செடி தொடங்கும் இடமாக இருந்தது இது. ஆட்டோக்காரர்கள் பேர் சொன்னதும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அந்த அமைதி தேனாக இனித்தது. அவள் காலையில் பேருந்துக்குப் போய்ப் பொழுது சாய்ந்து வருகிறவள், அதனால் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. ஓய்வு பெற்றுப் பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், "என்னங்க இது, ஒரு குருவி கத்துனாக்கூட யாருன்னு எட்டிப் பாக்க வேண்டியிருக்கு" என்று புலம்ப ஆரம்பித்தாள்.

பிறகு ஊர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தது. தனித்தனி வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழும்பின. ஒரு குடும்பம் இருந்த மனையில் பன்னிரண்டு குடும்பம். தெரு முழுக்க முணுமுணுப்பு. குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது, வண்டி நிறுத்த இடமில்லை, சாக்கடை பொங்குகிறது. எல்லாம் நியாயமான புகார்கள்தான். நானும் அந்தக் கட்சி. என் வீட்டுக்காரி மட்டும் எதிர்க்கட்சி. எந்த வாசலில் சாமான் வண்டி வந்து நின்றாலும் முதல் ஆளாகப் போய், பீரோவை எந்தப் பக்கம் சாய்த்தால் படியேறும் என்று சொல்லிக்கொண்டு நிற்பாள். அந்த வீட்டுக்காரர்களே அப்போதுதான் வந்து இறங்கியிருப்பார்கள், அவர்களுக்கு இவள் யாரென்று தெரியாது. கட்டடத்தோடு வந்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசியில் என் காலி மனைக்கும் வேளை வந்தது. நான்கு மாடி அடுக்குமாடி என்று பலகை நட்டார்கள். ஜன்னலில் நின்று நான்கு மாடி உயரத்தை வானத்தில் விரலால் அளந்து பார்த்தேன். அன்றைக்கே இவள் குதித்துக்கொண்டு வந்து, தன் தங்கையும் அவள் புருஷனும் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள் என்றாள். என் கொழுந்தியாள் குடும்பம் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு வாடகை வீடாக அலைகிறவர்கள். மாறி மாறி ஏற்றி இறக்கியதில் அவர்களுடைய பீரோவின் கண்ணாடி உடைந்து, வேறொன்று மாட்டி, அதுவும் உடைந்து, இப்போது சட்டத்தைப் பார்த்துத்தான் தலை வாருகிறார்கள். சொந்த வீடு, அதுவும் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில். அக்காவும் தங்கையும் போனில் பேசிப் பேசி அந்த வீட்டுக்கு இல்லாத திரைச்சீலையெல்லாம் மாட்டிவிட்டார்கள்.

அப்புறம்தான் கட்டட இன்ஜினியர் வாயெல்லாம் சிரிப்பாக என்னைத் தேடி வந்தார். இரண்டு மாடிக்கு மேல் எழுப்ப வேண்டுமானால், எல்லைச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் நகராட்சியின் விதியாம். சுவரை ஒட்டிக் குடியிருப்பவன் நான்.

"போடலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாடியோட நிறுத்திக்குவோம் சார். மேல புக் பண்ணவங்களுக்குப் பணத்தத் திருப்பிடுவோம். கீழ வேற வீடு காலி இல்ல."

இரண்டு மாடி என்றால் நடுப்பகலிலாவது எனக்கு வெளிச்சம் மிஞ்சும். நான்கு என்றால் ஜன்னலைச் சுவர் என்றே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், வீட்டில் ஒருத்தரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் சண்டை போட்டிருப்பேன், அதற்கான வசனமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். காகம் ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறது என்பது வரை பேசுகிறவள், அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. கொழுந்தியாள் போன் செய்து, "மாமா, முட்டி வலி தேவலையா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். சகலை மழை வருமா என்று கேட்டார். எனக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்து உபசாரம் செய்வது போல இருந்தது.

சரி, நாமும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாமே என்று ஜன்னலை அடைத்து, டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு முன்பல் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது போலிருந்தது. மறுநாள் மருத்துவர் போன் செய்தார்.

"என்ன ஐயா இது, மத்த பல்லெல்லாம் சொந்தக்காரங்க, இது மட்டும் வாடகைக்கு வந்த மாதிரி நீலமா இருக்கு. பேஷன்ட் சிரிக்கவே மாட்டேங்கறாரு."

இத்தனை வருஷத்தில் என் பல்லைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. போனை வைத்த வேகத்தில் சமையலறைக்குப் போனேன்.

"என்னால கையெழுத்துப் போட முடியாது. என் பொழைப்பு அந்த ஜன்னல்லதான் இருக்கு."

அவள் அடுப்பை அணைத்தாள். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தாள். "மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அந்த நீலப் பல்லை நானே போய் வாங்கி வந்தால்தான் மானம் மிஞ்சும். ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடந்தது. வேறு வழியில்லாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். வந்த பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. பின்வாசலில் தொற்றிக்கொண்டு ஏறினேன். ஏறியதும் முன்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"தம்பி, பையக் கழட்டிக் கால்கிட்ட வை. அம்மா, நீங்க கொஞ்சம் உள்ள போங்க. நடுவுல காலியாத்தான இருக்கு!"

என் வீட்டுக் குரல். எனக்கு முந்தைய நிறுத்தத்திலேயே ஏறியிருக்கிறாள். மார்க்கெட் வந்தது, போனது. அவள் இறங்கவில்லை. கண்டக்டர் பெண் என்னிடம் வந்தபோது, பைக்குள் கையை விட்டபடியே, "முன்னாடி நிக்கறாங்களே, அவங்க யாரும்மா?" என்று கேட்டு வைத்தேன்.

"அவங்களா? எங்க பழைய ஸ்டாஃப் சார். அடிக்கடி வருவாங்க. கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்ட்டு, இதே பஸ்லயே திரும்பிருவாங்க."

"எதுக்கு?"

"சும்மாதான் சார். நாலு பேரு முகத்தப் பாக்கலாம்னு. வீட்டுல யாருமில்லையாக்கான்னு ஒருநாள் கேட்டேன். இருக்காரு, ஆனா அவருக்குப் பல்லு இருக்கற வாய்தான் பிடிக்கும், பேசற வாய் பிடிக்காதுன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

அந்தப் பெண்ணும் சிரித்தாள். முன்வாசலில் யாரோ விசில் கேட்கவே அங்கே ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வெறும் பையோடு திரும்புவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், காய் நன்றாக இல்லை என்பாள், நானும் சரி என்பேன். அவள் இல்லாத அந்த நேரங்களில் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். பல்லை வாங்கப் போகவில்லை. நேராகக் கட்டட இன்ஜினியரைத் தேடிப் போய்க் கையெழுத்தைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லவில்லை. இன்ஜினியர் போன் செய்ததில் அவளே தெரிந்துகொண்டாள். என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"உங்க வெளிச்சத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"பாத்துக்கலாம்."

"அதுசரி" என்று மூக்கை உறிஞ்சினாள். "பின்வாசல்ல ஏறி, மார்க்கெட் தாண்டி இறங்கினீங்களே, டிக்கெட் எடுத்தீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுக்கவில்லை. பைக்குள் விட்ட கையை வெறுங்கையாகவே எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.

"என் புருஷனே வித்தவுட்டு! இத நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம், வெகுநேரம் நிறுத்த முடியவில்லை. ஆனால் அந்த வாரத்துக்குள் அந்தப் பேருந்தில் நான் போய் டிக்கெட் எடுத்து வரும்வரை அவள் என்னை விடவில்லை.

கட்டடம் எழும்பியது. தூசியில் ஒரு வருஷம் தும்மினேன். மாடி ஏற ஏற ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டே போய், நான் பயந்தபடியே ஒருநாள் நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டியதாயிற்று. அதிசயமெல்லாம் எதுவும் நடக்கவில்லை. கூரையில்லாத மொட்டைமாடிக்கும் முன்வாசலுக்குமாக அச்சுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். காற்றில் பறந்த ஒரு கடைவாய்ப் பல்லைத் தெருவில் குனிந்து தேடியதைப் பார்த்து, என் சொந்தப் பல் விழுந்துவிட்டதா என்று தெருவே விசாரித்தது.

கொழுந்தியாள் குடும்பம் குடிவந்த அன்று, கண்ணாடியில்லாத பீரோ லிஃப்டில் நுழையாமல் என் மனைவியின் தலைமையில் படியேறியது. மூன்றாவது மாடிக்குப் போனபோது கொழுந்தியாள் என்னைக் கையைப் பிடித்து பால்கனிக்கு இழுத்துப் போனாள். கிழக்கே முழு வானம். தரையெல்லாம் வெயில். அவர்கள் வாங்கி வைத்திருந்த துணி காயப் போடும் கொடியைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தார்கள்.

"மாமா, இந்த எடம் உங்களுக்கு. மேசையத் தூக்கிட்டு வந்துருங்க."

"நல்லா இருக்கு! உங்க வீட்டுல வந்து நான் பல்லு ராவுறதா? துணிய எங்க காயப் போடுவ?"

"அக்கா வீட்டு மொட்டைமாடியில. அக்காகிட்ட அப்பவே பேசியாச்சு."

இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். நான் முறுக்கிக்கொண்டு கொஞ்ச நாள் போகாமல் இருந்து பார்த்தேன். பிறகு சகலையே வந்து மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

இப்போது தினமும் காலையில் மேலே போய்விடுகிறேன். என் பற்களின் நிறம் முன்னைவிட நன்றாக அமைகிறது, உயரத்து வெளிச்சம் அப்படி. என் மனைவிக்குப் பேருந்துக்குப் போக நேரமில்லை, ஒரு கட்டடத்தையே நடத்திக்கொண்டிருக்கிறாள். மதியம் சாப்பாடு ஆனதும் எங்கள் வாசலில் நின்று, "என்னங்க, சாப்பிட வாங்க!" என்று குரல் கொடுப்பாள். போனில் கூப்பிடலாம், கூப்பிட மாட்டாள். முதல் மாடிக்காரர், "ஐயாவக் கூப்பிடுறாங்க" என்று மேலே பார்த்துச் சொல்வார். இரண்டாம் மாடியில் ஒரு குழந்தை அதை வாங்கிக் கத்தும். எதிர்க் கட்டடத்துப் பால்கனியில் ஈரத்தலையோடு நிற்கும் ஒரு அம்மா கையை ஆட்டி என்னிடம் சேர்ப்பார். அமைதி அமைதி என்று ஆயுசெல்லாம் தவித்தவன் நான். காது எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது, முதல் குரலிலேயே கேட்டுவிடுகிறது. ஆனாலும் குனிந்து பல்லை ராவிக்கொண்டே இருப்பேன், அவள் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.